டைம் டிராவல் தொடர்களில் லாஜிக் இடிக்கிறது. அதைக் கண்டுகொள்ளாமல் ரசிப்பது எப்படி?

ஏன் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும்? உங்களிடமும் யாராவது "கதைதானே, இதுல போய் லாஜிக் பார்க்கலாமா" என்று சொல்லியிருப்பார்கள். என்னிடம் சொன்னது என் அண்ணன். மர்மத் தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான 'லாஸ்ட்' தொடரின் ஐந்தாவது சீசனைச் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதில் ஒரு திசைகாட்டி வரும். தீவில் வயதே ஆகாமல் வாழும் ரிச்சர்ட் அதை நாயகர்களில் ஒருவரான லாக்கிடம் தந்து, அடுத்த முறை சந்திக்கும்போது தன்னிடம் கொடுக்கச் சொல்வார். லாக் 1954-க்குப் போய் அந்தக் காலத்து ரிச்சர்டிடம் கொடுப்பார். அவர் அதை அரை நூற்றாண்டு வைத்திருந்து மறுபடி லாக்கிடமே கொடுப்பார். சரி, அந்தத் திசைகாட்டியை உருவாக்கியது யார்? யாருமில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். ஐம்பது வருஷத் தேய்மானத்தோடு 1954-க்குப் போன பொருள், இன்னொரு ஐம்பது வருஷம் தேய்ந்த பிறகும் எப்படி அதே பொருளாக இருக்கும்? இதைக் கேட்டதற்குத்தான் அண்ணன் அப்படிச் சொன்னார்.

என்னால் விட முடியவில்லை. விடை, டாக்டர் என்ற காலப்பயணியைப் பற்றிய 'டாக்டர் ஹூ' தொடரின் 'ப்ளிங்க்' (2007) எபிசோடில் கிடைத்தது. 1969-ல் மாட்டிக்கொண்ட டாக்டர், டிவிடியில் பதிவான வீடியோவில், நம் காலத்துப் பெண்ணான சாலி ஸ்பாரோவின் கேள்விகளுக்கு நேருக்கு நேர் பதில் சொல்கிறார். அந்த உரையாடலைக் கேட்டு அவள் நண்பன் லாரி எழுதிவைத்த தாள்கள், இன்னும் 1969-ல் மாட்டிக்கொள்ளாத டாக்டருக்குச் சாலி மூலம் கிடைக்கின்றன. அதைப் பார்த்துத்தான் அவர் பேசுகிறார். சொற்களை முதலில் யோசித்தவர் யாருமில்லை. ஆனால் தாள் லாரி எழுதியது, அதற்குத் தொடக்கம் இருக்கிறது. சொற்கள் தேயாது. அதனால் எதுவும் இடிக்கவில்லை. இதைச் சொன்னபோது அண்ணன் டிவியை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார். அப்புறம் என்னிடம் "கதைதானே" என்று சொன்னதே இல்லை.

இயற்பியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். காலப்பயணம் சாத்தியம் என்று நான் சொல்லவில்லை. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளில் கடந்த காலத்துக்கே திரும்பும் பாதைகளுக்கு இடமுண்டு என்று 1949-ல் கணித மேதை கர்ட் கெடல் காட்டினார், அதோடு சரி. நான் கேட்பது, தொடர் தானே போட்ட விதியைத் தானே மீறக்கூடாது என்பதுதான். 'லாஸ்ட்' ரசிகர்களும் கோபப்பட வேண்டாம், அந்த சீசனிலேயே அருமையான இடமும் உண்டு. நடந்ததை மாற்ற முடியாது என்பது அங்கே விதி. 1977-க்குப் போய்விட்ட சயீத், பின்னாளில் வில்லனாகும் பென்னைச் சிறுவனாக இருக்கும்போதே சுடுகிறான். பெரியவனான பென்னை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம், அதனால் சிறுவன் சாகமாட்டான் என்று தெரியும். எப்படிப் பிழைப்பான் என்பதுதான் பதற்றம். லாஜிக் பார்க்காதவருக்கு அந்தப் பதற்றம் கிடைக்காது.

  

'ப்ளிங்க்'கிலிருந்து தொடங்குங்கள். முந்தைய எபிசோடுகள் எதுவும் தெரியாமலே புரியும்.