வெளிக்கோள்களுக்குப் போகும் விண்கலங்களும் உங்கள் மகளின் மேற்படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

வியாழன், சனி முதலிய வெளிக்கோள்களை ஆராயும் ஆளில்லா விண்கலங்களில்தான் பணியாற்றுவேன் என்று உங்கள் மகள் பிடிவாதமாக இருப்பதாகவும், அது சோறு போடுமா என்று உங்களுக்குக் கவலையாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கவலை நியாயமானதே. யுரேனஸையும் நெப்டியூனையும் அருகில் சென்று கண்டது 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 2 மட்டுமே. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் வியாழனை அடைய 2030 ஆகிவிடும். விரல்விட்டு எண்ணக்கூடிய கலங்களே போகும் துறையில் பணியிடங்களும் அப்படித்தான் இருக்கும். இதை மகளிடம் மறைக்க வேண்டாம்.

ஆனால் இந்தக் கலங்களை இயக்கும் பொறியாளர்கள் உண்மையில் செய்யும் வேலை எது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில், வெளிக்கோள்களையெல்லாம் தாண்டி வெகுதொலைவு போய்விட்ட வாயேஜர் 1 கலம் பொருளற்ற தகவல்களை அனுப்பத் தொடங்கியது. நினைவகத்தில் ஒரு சில்லு பழுதடைந்திருப்பதைப் பல மாத ஆய்வுக்குப் பின் கண்டறிந்தவர்கள், அதிலிருந்த நிரலை முழுதாக வைக்க வேறெங்கும் இடமில்லாததால், அதைத் துண்டுகளாக்கி வெவ்வேறு மூலைகளில் இருத்தி, துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும்படி திருத்தி அனுப்பினார்கள். கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அதே அளவு நேரம். 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பியதற்கு 20ஆம் தேதி தெளிவான பதில் கிடைத்தது. இதற்கு அவர்கள் நம்பியிருந்தது, பல பத்தாண்டுகளுக்கு முன் வேறு பொறியாளர்கள் எழுதிவைத்த ஆவணங்களை. (தெளிவாக எழுதும் பழக்கத்தை மாணவர்கள் ஏனோ மொழிப்பாடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.)

ஆகவே, இளநிலைப் பட்டத்தின் பெயரில் 'விண்வெளி' என்ற சொல் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. மின்னணுத் தொடர்பியல், கணினி அறிவியல், இயந்திரப் பொறியியல், இயற்பியல் ஆகியவற்றில் ஒன்றை ஆழமாகப் படித்தால் போதும். விண்கலப் பணி வாய்க்காவிட்டாலும், தொட முடியாத கருவியைத் தொலைவிலிருந்து பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு விமானம், மருத்துவக் கருவி, தொலைத்தொடர்பு எனப் பல துறைகளில் இடமுண்டு. கோள் அறிவியலில் ஆய்வாளராக வேண்டுமென்றால் மட்டும் பாதை வேறு: முனைவர் பட்டம் வரை போக வேண்டும், நிலையான பணி கிடைக்க இன்னும் தாமதமாகும்.

முடிவெடுக்குமுன் ஒரு சோதனை. சிறிய மைக்ரோகன்ட்ரோலர் பலகை (கருவிகளை இயக்கும் சிறு கணினி) ஒன்றில் வெப்பமானியை இணைத்துப் பூட்டிய அறையில் வைத்துவிட்டு, நாளுக்கு ஒரே ஒரு கட்டளை மட்டுமே அனுப்பலாம், கோளாறு வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது என்ற விதியோடு மூன்று மாதம் மகளை இயக்கச் சொல்லுங்கள். தினசரிக் குறிப்பேடு கட்டாயம். அதை எனக்கு அனுப்பிவையுங்கள். படித்தபின் விண்ணப்பங்களைப் பற்றிப் பேசுவோம்.