நிலம் போனால் நாடும் போய்விடுமா? துவாலு பற்றிய கேள்விக்கு

"1933 மொண்டேவிடியோ உடன்படிக்கைப்படி நிலம் இல்லாமல் அரசு இல்லை, அப்படியானால் பசிபிக் தீவு நாடான துவாலு கடலில் மூழ்கியதும் நாடாக இருக்காதே" என்ற இடத்தில் உங்கள் கட்டுரை நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள்.

மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் என நான்கை அந்த உடன்படிக்கை கேட்பது சரிதான். ஆனால் அவை அரசு பிறப்பதற்கான தகுதிகள். எப்போது சாகும் என்று அதில் இல்லை. ஒருமுறை உருவான அரசு, அதன் கூறுகளில் ஒன்று மறைந்தாலும் அரசுத் தகுதியை இழந்துவிட வேண்டியதில்லை என்று 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் ஆலோசனைக் கருத்தில் சொல்லிவிட்டது.

துவாலு அதற்காகக் காத்திருக்கவில்லை. நிலம் போனாலும் அரசு என்றென்றும் நிலைக்கும் என்று 2023-லேயே அரசியலமைப்பில் எழுதிக்கொண்டது. நிலம் வெறும் 26 சதுர கிலோமீட்டர்தான். வருமானம் தருவது சூரை மீன் நிறைந்த கடல். அதனால் கடல் எல்லையை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் உண்மையான போராட்டம்.

அப்புறம், ஒருகாலத்தில் மால்டா தீவை ஆண்ட கத்தோலிக்க அமைப்பான மால்டா வீரத்துறவியர் அமைப்பை, நிலமில்லாத அரசுக்கு உதாரணமாக எடுக்காதீர்கள். 1798-இல் தீவை இழந்தும் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளோடு தூதரக உறவு வைத்திருக்கிறது, உண்மை. ஆனால் ஐ.நா.வில் அது உறுப்பு நாடு அல்ல, வெறும் பார்வையாளர்தான்.

அதைவிட, துவாலு ஆஸ்திரேலியாவுடன் செய்துகொண்ட ஃபலேபிலி ஒப்பந்தத்தைப் படியுங்கள். அதன்கீழ் ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் வரை ஆஸ்திரேலியாவில் குடியேறலாம், துவாலுவின் அரசுத் தகுதி தொடரும் என்றும் ஆஸ்திரேலியா ஏற்கிறது. பதிலுக்கு, 4-ஆம் பிரிவின்படி, துவாலு வேறு நாட்டோடு பாதுகாப்பு ஏற்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். நிலம் முழுகுமுன்பே இறையாண்மையில் ஒரு துண்டு கைமாறிவிட்டது என்பேன். உங்கள் கட்டுரையை அங்கிருந்து தொடங்கலாம்.