மியூசிக் போடலைன்னா படம் டல்லாயிடுமா?

வணக்கம் சார்,
நாங்க பாண்டில நாலு பேரு சேந்து ஒரு குறும்படம் எடுத்திருக்கோம், மீன் விக்கிற ஒரு அம்மாவோட கதை. கடலூர் துறைமுகத்துலயும் எங்க ராக் பீச்லயும் ஷூட் பண்ணோம். எடிட் பண்ணிக் காட்டுனா எல்லாரும் டல்லா இருக்கு, பிஜிஎம் போடுங்கன்றாங்க. ‘கொட்டுக்காளி’ படத்துல மியூசிக் இல்லாததுதான் பலம்னு நீங்க எழுதியிருந்தீங்க, எங்களுக்கும் அது செட் ஆகுமா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

வணக்கம் தம்பி,

அவசரப்பட்டு போட்டுடாதீங்க. துறைமுகத்துக்கே போய் எடுத்தீங்கல்ல, அங்க உங்களுக்குக் கெடைச்ச பெரிய சொத்தே சத்தம்தான். விடிகாலைல படகு எஞ்சின் வந்து அணையறது, ஐஸ் உடைக்கிறது, ஏலம் கூவுறவர் குரல், மேல காக்கா, இது மேல ஒரு வயலினை இழுத்து விட்டுட்டீங்கன்னா அப்புறம் அது கடலூரா இருந்தா என்ன, சென்னை காசிமேடா இருந்தா என்ன.

நம்ம சினிமால பெரும்பாலும் யூனிட்டையே அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போய் ஷூட் பண்ணிட்டு, வசனத்த ஏசி ரூம்ல டப்பிங் பேசி, அலைச்சத்தத்த லைப்ரரில இருந்து எடுத்துப் போட்டுடறாங்க. ராக் பீச்ல பாறைல மோதுற அலையும் கடலூர் தேவனாம்பட்டினத்துல மணல்ல ஏறி இழுத்துட்டுப் போற அலையும் ஒண்ணா? நம்ம ஊரு ஆளு கண்ண மூடிக்கிட்டே சொல்லிடுவான். படத்துல மட்டும் ரெண்டுக்கும் ஒரே அலை. எனக்கு இதுல ரொம்பவே வருத்தம் உண்டு.

வினோத்ராஜோட கொட்டுக்காளில (2024) கதாநாயகி மீனா கிட்டத்தட்ட பேசவே மாட்டா. வழியில ஸ்பீக்கர்ல கேக்குற ஒரு பாட்டை லேசா முணுமுணுப்பா, அவ்ளோதான், அதுக்கே அவளைக் கட்டிக்கப் போற பாண்டி (சூரி) வெறி பிடிச்ச மாதிரி எல்லாரையும் போட்டு அடிப்பான். அதுவரைக்கும் பிஜிஎம் ஓடிக்கிட்டே இருந்திருந்தா அந்த முணுமுணுப்பு நம்ம காதுல விழுந்திருக்குமா சொல்லுங்க.

அதுக்காக மியூசிக்கே கூடாதுன்னு இல்ல. பாலு மகேந்திராவோட ‘வீடு’ (1988) பாருங்க. சாலிகிராமத்துல நெஜமாவே ஒரு வீட்டைக் கட்டிக்கிட்டே எடுத்த படம், பின்னாடி அவரோட ‘சினிமா பட்டறை’ பயிற்சிப் பள்ளி நடந்ததும் அதே வீட்லதான். பாட்டு கிடையாது, இளையராஜாவோட ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்துல இருந்து அங்கங்க எடுத்து வெச்சிருப்பாரு, அது வர்ற எடம்லாம் நெஞ்சுல போய் உக்காரும்.

உங்க படம் டல்லுன்னா காரணம் வேறயா இருக்கலாம். கேமரா மைக்கை மட்டும் நம்பி எடுத்திருந்தா காத்து இரைச்சல்தான் பதிவாகியிருக்கும், ஷாட்டுக்கு ஷாட் சத்தம் வெட்டு விழும், பாக்கறவங்களுக்கு அத என்னன்னு சொல்லத் தெரியாம டல்னுடுவாங்க. ஒருநாள் ரெக்கார்டரை மட்டும் எடுத்துட்டு, மைக்குக்கு காத்துத் தடுப்பு உறை போட்டு, துறைமுகத்துக்குப் போங்க. ஏலம் நடக்கறப்போ, முடிஞ்சு கழுவி விடறப்போ, மத்தியானம் ஆளே இல்லாதப்போன்னு தனித்தனியா அஞ்சஞ்சு நிமிஷம், உங்கள்ல யாரும் வாயத் தெறக்காம பதிவு பண்ணுங்க. அத வசனத்துக்கு அடியில விடாம ஓட விடுங்க. அதுக்கப்புறமும் எங்கயாச்சும் காலியா இருக்குன்னு தோணுச்சுன்னா அங்க மட்டும் மியூசிக் வைங்க. அந்தம்மா கூடையத் தூக்கிட்டு நடக்குற சீன்ல மட்டும் வேணவே வேணாம், அவங்க மூச்சு வாங்கறது கேக்கணும்.

புது கட் ரெடியானதும் அனுப்புங்க தம்பி, ஹெட்போன் போட்டுக் கேட்டுட்டு எழுதறேன்.