மழைக்காட்டு மண்ணில்தான் ஸ்பிரிங்டெயில்கள் அதிகமா?

மழைக்காட்டில் எல்லாமே அதிகம், அப்போ மண்ணுக்குள் இருக்கும் ஸ்பிரிங்டெயிலும் (பூச்சி போன்ற, இறக்கையில்லாத ஆறுகால் குட்டி உயிரி) அங்கேதான் அதிகமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையில் இல்லை. துருவத்தை ஒட்டிய, மரமில்லாத குளிர் நிலமான தூந்திரப் பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும், வெப்பமண்டலக் காட்டில் பெரும்பாலும் சில ஆயிரங்கள்தான். உதிர்ந்த இலை சீக்கிரமே மக்கிவிடுவதால் சருகு அடுக்கு மெலிசு, வெப்பத்தில் உடம்பு செலவழிக்கும் சக்தியும் கூடுதல், அப்புறம் எறும்புகள் வேறு பிடித்துத் தின்னும்.

வகைகளுக்குக் குறைவில்லை. சருகின் மேல் திரிபவை நிறமும் நீண்ட உணர்கொம்பும் உள்ளவை, வயிற்றுக்கு அடியில் மடக்கி வைத்திருக்கும் கவட்டை போன்ற உறுப்பைத் தரையில் அடித்து ஒரே எம்பில் தப்பிவிடும். சில சென்டிமீட்டர் கீழே வாழ்பவையோ வெளுத்தவை, பலவற்றுக்குக் கண் கிடையாது, குதிக்க இடமே இல்லாததால் அந்தக் கவட்டையும் சிறுத்தோ மறைந்தோ போயிருக்கும். மரக்கிளை இடுக்கில் சேரும் மண்ணில்கூட சில உண்டு.

உலக அளவில் பெயர் வைத்தவை 9,000-க்கு மேல். ஒரே இனம் என்று நினைத்ததை டிஎன்ஏ பார்த்துப் பலவாகப் பிரிப்பதும் நடக்கிறது, அதனால் இந்தக் கணக்கை ரொம்ப நம்ப வேண்டாம்.

நேரில் பார்க்க ஆசை என்றால், வலை வைத்த புனலில் சருகைப் போட்டு மேலே ஒரு குண்டு பல்பை எரிய விடுங்கள். சூட்டுக்கும் வறட்சிக்கும் பயந்து ஒவ்வொன்றாகக் கீழே கிண்ணத்தில் விழும்.