எல்லாருடைய வாழ்க்கைத் தரமும் உயரும்போது ஏற்றத்தாழ்வு இருந்தால் என்ன?

ஏழையின் வருமானமும் கூடுகிறது, பணக்காரரின் வருமானம் அதைவிட வேகமாகக் கூடுகிறது, இதில் ஏழைக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதில் பாதியை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

சீனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியபோது கிராமங்களில் ஏறக்குறைய எல்லாரும் ஒன்றுபோல ஏழைகள். அடுத்த நாற்பது ஆண்டுகளில் 80 கோடிப் பேர் வரை கடும் வறுமையிலிருந்து வெளியே வந்தார்கள் என்கிறது உலக வங்கி. அதே காலத்தில்தான் அங்கே ஏற்றத்தாழ்வும் பெருமளவு கூடியது. பழைய சமத்துவத்துக்கே திரும்பிப் போகலாமா என்று அந்த விவசாயிகளிடம் கேட்க எனக்கு மனசு வராது.

ஆனால் "எனக்கும்தானே கூடியது" என்ற வாதம் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. எனக்கு 10 வருமானம், உங்களுக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளில் எனக்கு 20 ஆகிறது, உங்களுக்கு 400. சோப்பு, சட்டை, போன் வாங்கப் போனால் என் நிலைமை உண்மையிலேயே மேல்தான். கேட்கக் கேட்கத் தொழிற்சாலை செய்து கொடுக்கும். நிலம் அப்படி இல்லை. விற்பனைக்கு இருப்பது இரண்டே மனை. முன்பு நீங்கள் ஒன்றை வாங்கியிருப்பீர்கள், மற்றது என் கைக்கு எட்டியிருக்கும். இப்போது அதையும் முதலீடாக வாங்கிப்போட உங்களிடம் பணம் இருக்கிறது. விலை என்னைத் தாண்டிப் போய்விடுகிறது. வருமானம் இரட்டிப்பான பிறகு நான் உங்களிடமே வாடகைக்கு இருக்கிறேன். நல்ல கல்லூரியில் இடம், வழக்கு நடத்தப் பெரிய வக்கீல் என்று எண்ணிக்கை கட்டுப்பட்ட எல்லாவற்றிலும் இதே கதைதான். போதாததற்கு, பெரும்பணம் சட்டம் போடுகிற இடம்வரை போய்ப் பேசும்.

1776இலேயே பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் இதைத் தொட்டிருக்கிறார். பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் லினன் சட்டை இல்லாமலே சௌகரியமாக வாழ்ந்தார்கள். தன் காலத்தில் ஒரு கூலித் தொழிலாளிகூட அது இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவார் என்றார். அத்தியாவசியம் எது என்பதைச் சுற்றியிருப்பவர்களின் வாழ்க்கையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இதை வெறும் பொறாமை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வளர்ச்சி, சமத்துவம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் நான் ஏற்கவில்லை. தைவானில் 1949இல் நிலக் குத்தகைக்கு உச்சவரம்பு வைத்தார்கள்: முக்கியப் பயிரின் ஆண்டு விளைச்சலில் 37.5 சதவீதம். 1953இல் உழுபவருக்கே நிலத்தைக் கொடுத்தார்கள். அதன்பின் வந்த வேகமான தொழில் வளர்ச்சியின் பலன் பரவலாகவே போய்ச் சேர்ந்தது, ஏற்றத்தாழ்வும் பல ஆண்டுகள் குறைவாகவே இருந்தது.