லீஃப் ஹவுண்டும் லட்ச ரூபாய்த் தட்டும்

கேள்வி: 1970களில் இருந்த லீஃப் ஹவுண்ட் என்ற இங்கிலாந்து ஹார்ட் ராக் குழுவின் 'குரோயர்ஸ் ஆஃப் மஷ்ரூம்' இசைத்தட்டுக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுக்கிறார்களாமே! அதே காலத்தில் கொடிகட்டிப் பறந்த லெட் செப்பெலின் குழுவை மிஞ்சிய மேதைகளை கம்பெனிக்காரர்கள் அமுக்கிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

பதில்: விலையைச் சொன்னீர்கள், சதியைச் சொன்னீர்கள், அதில் உள்ள ஒரு பாட்டின் பெயரையாவது சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை என்று தெரிகிறது.

யாரும் யாரையும் அமுக்கவில்லை. பிளாக் கேட் போன்ஸ் என்றொரு புளூஸ் குழு லண்டனில் இருந்தது. அதிலிருந்து பால் காசாஃபும் சைமன் கிர்க்கும் 1968இல் கழன்றுகொண்டு ஃப்ரீ குழுவைத் தொடங்கினார்கள். 1970இல் 'ஆல் ரைட் நவ்' பாட்டால் உலகம் சுற்றினார்களே, அதே ஃப்ரீதான். மிச்சமிருந்த பிளாக் கேட் போன்ஸில் ஆள் மாறி ஆள் வந்து, பீட்டர் பிரெஞ்ச் பாடகராகவும் மிக் ஹால்ஸ் கிதாருக்கும் சேர்ந்தபோது அது லீஃப் ஹவுண்ட் ஆனது. லண்டனின் மேஃபேர் பகுதியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் 11 மணி நேரத்தில் மொத்தத் தட்டையும் பதிவுசெய்து முடித்துவிட்டார்கள். டெக்கா கம்பெனி அதை இங்கிலாந்துக் கடைகளுக்கு அனுப்பியது 1971இல். அதற்குள் குழுவே கலைந்துவிட்டது! மேடையேறிப் பாட ஆளில்லாத தட்டை எந்தக் கடைக்காரர் முன்வரிசையில் வைப்பார்? அதுவும் டீப் பர்ப்பிளின் 'ஃபயர்பால்', பிளாக் சாபத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி', லெட் செப்பெலினின் நான்காவது தட்டு எல்லாம் வரிசைகட்டி வந்த வருஷத்தில். பிரெஞ்ச் சும்மா இருக்கவில்லை, அதே 1971இல் அடாமிக் ரூஸ்டர் குழுவுக்குப் பாடினார், மறு வருஷம் அமெரிக்காவின் காக்டஸ் குழுவுக்கு. ஆக, அமுக்கப்பட்ட மேதைக்கு வேலை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

சரி, விலைக்கு வருவோம். விற்காத தட்டு என்பதால்தான் பிரதிகள் குறைவு, பிரதிகள் குறைவு என்பதால்தான் இந்த விலை. அன்றைக்கு நன்றாக விற்றிருந்தால் இன்றைக்கு லண்டன் பழைய தட்டுக் கடைகளில் பெட்டிக்குள் கிடக்கும், பத்து இருபது பவுண்டுக்கு அள்ளிக்கொண்டு வரலாம். லெட் செப்பெலினின் அந்த நான்காவது தட்டு கோடிக்கணக்கில் விற்றது, முதல் அச்சாகவே இருந்தாலும் இதன் விலைக்குப் பக்கத்தில் வராது. இதை வைத்து லீஃப் ஹவுண்ட் பெரியவர்கள் என்று தீர்ப்பு எழுதுவது, அச்சுப்பிழையான தபால்தலைக்குக் கிராக்கி என்பதால் பிழைவிட்டவனை ஓவியன் என்பது மாதிரி.

இந்தச் சேகரிப்பாளர்கள் தட்டை எப்படி வாங்குகிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும். முதலில் அட்டையின் ஓரம் நைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், பிறகு தட்டை உறையிலிருந்து உருவி வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் தேடுவார்கள், கடைசிப் பாட்டு முடிகிற இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையில் உள்ள வெறும் வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள். அது 1971 அச்சா, பின்னால் வந்த மறுபதிப்பா என்பது பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். ஊசியை வைத்து ஒலிக்கவிடுவது கடைசியாகத்தான், சிலர் அதையும் செய்வதில்லை, தேய்ந்துவிடுமாம்!

பாட்டுகள் மட்டம் என்று சொல்லவரவில்லை. 'ஃப்ரீலான்ஸ் ஃபீண்ட்' கிதார் முரட்டுத்தனமாகப் பிடித்திழுக்கும், 'ட்ரௌன்ட் மை லைஃப் இன் ஃபியர்' அதற்குச் சளைத்ததில்லை. அவசரமாகப் பதிவுசெய்ததே ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, மெருகேற்றிக் கெடுக்க நேரமில்லை. ஆனால் 'ஒர்க் மை பாடி' எட்டு நிமிஷம் ஓடுகிறது, எனக்கு நாலு நிமிஷம் போதும். பிரெஞ்சின் தொண்டையில் லெட் செப்பெலின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் சாயல் அடிக்கடி எட்டிப்பார்க்கிறது. அவரை மிஞ்சினார் என்று பிரெஞ்சை நேசிப்பவர்களே சொல்லமாட்டார்கள். என் கணக்கில் இது நல்ல இரண்டாம் வரிசைத் தட்டு, 'வித் எ மினிட் டு கோ' ஒன்றுக்காக மட்டும் அரைப்படி மேலே ஏற்றலாம்.

இன்னொன்று. பழைய தட்டு கைமாறும்போது பாடியவருக்குச் சல்லிக்காசு போகாது, விற்றவர் பைக்குத்தான் எல்லாம். பிரெஞ்ச் 2004இல் லீஃப் ஹவுண்டை மறுபடி கூட்டி, 2007இல் 'அன்லீஷ்ட்' என்று புதுத் தட்டே போட்டார். மேதைகளுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று உண்மையிலேயே பதறுகிறவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கட்டும். அதற்கு லட்சமெல்லாம் தேவைப்படாது.