இணையத்தில் படிப்பதை நம்பலாமா என்று பார்க்க மாணவர்களுக்கு எப்படிக் கற்றுத்தருவது?

பள்ளியில் பாடம் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். சந்தேகம் வந்த பக்கத்தையே உற்று உற்றுப் படிக்கச் சொல்லாதீர்கள். அதைவிட்டு வெளியே போய், அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள்.

எழுதியவர் பெயர் இருக்கிறதா, பிழையில்லாமல் இருக்கிறதா, முகவரி ‘டாட் ஆர்க்’ என்று முடிகிறதா என்றுதான் நாம் வழக்கமாகப் பார்க்கச் சொல்கிறோம். ஏமாற்ற நினைப்பவருக்கு இதெல்லாம் பெரிய வேலையே இல்லை. டாட் ஆர்க் முகவரியைப் பணம் கட்டினால் யாரும் வாங்கலாம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் இதைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டின் தளங்களை அவர்களிடம் காட்டி, எதை அதிகம் நம்பலாம் என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய மிகப் பெரிய சங்கம். மற்றது கொள்கைச் சண்டையில் 2002இல் பிரிந்துபோன சிறு குழு. பெயரும் தோற்றமும் ஏறக்குறைய ஒன்றுதான். மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவைத்தான் நம்பினார்கள், அறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் அத்தனை பேரும் சரியாகச் சொன்னார்கள். தளத்தில் அதிக நேரம் நிற்காமல், புது டேப் திறந்து அந்தக் குழு யார் என்று தேடியதுதான் அவர்கள் செய்தது.

என் வகுப்பில் இதற்குத் தீபாவளிப் படத்தை எடுத்துக்கொள்வேன். ‘தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்தது’ என்று வருடா வருடம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வண்ணப் படம். கூகுள் லென்ஸில் போட்டுத் தேடச் சொன்னால் மூலம் பிள்ளைகளுக்கே கிடைத்துவிடும். பல ஆண்டுச் செயற்கைக்கோள் தரவுகளைச் சேர்த்து, 1992, 1998, 2003 என விளக்குகள் பெருகியதைத் தனித்தனி நிறத்தில் காட்டிய படம் அது. தீபாவளியின் கூடுதல் வெளிச்சம் விண்வெளியிலிருந்து தெரியாத அளவுக்குக் குறைவு என்று நாசாவே 2012இல் விளக்கியிருக்கிறது. தாமே கண்டுபிடித்ததைப் பிள்ளைகள் மறப்பதில்லை, வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் சொல்கிறார்கள்.

அப்புறம், பொய்களை மட்டுமே கொடுக்காதீர்கள். கொஞ்ச நாளில் எதைக் காட்டினாலும் “ஃபேக், மிஸ்” என்று தள்ளிவிடுவார்கள், அது இன்னும் ஆபத்து. மரத்தில் வாழும் ஆக்டோபஸ் என்று 1998இலிருந்து ஒரு போலித் தளம் இருக்கிறது. அதைக் கொடுக்கும்போதே, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்ற உண்மையையும் சேர்த்துக் கொடுத்து இரண்டையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.